பல்லியை உங்கள் வீட்டுக்கு அனுப்புவது பற்றி

மதிப்புக்கும், மறைப்பானேன், பயத்துக்கும் உரிய அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த வரியை இரண்டு தாள்களில் எழுதி, இரண்டையும் கசக்கிப் போட்டுவிட்டு, மூன்றாவது தாளில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தான் காதில் மாட்டிக்கொண்ட கருவி இப்போதாவது ஒத்துழைக்கிறதா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள்தான் அதை முடிப்பீர்கள். முப்பத்தெட்டு வருஷம் ஆசிரியையும் தலைமையாசிரியையுமாக இருந்தவர்களுக்கு அது கைவந்த பழக்கம், குற்றம் சொல்லவில்லை. காகிதத்தில்தான் என்னால் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை கூட்டிக்கொண்டு போக முடிகிறது. போன கடிதத்தில் பதினோரு பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். இதையும் திருத்துங்கள். ஆனால் முதலில் ஒரு தடவை சும்மா படித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். என் பெண் பல்லியை இறுதித் தேர்வு முடியும் வரை, அதாவது ஐந்து மாதத்துக்கு, நீங்கள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இடம் வாங்குவது உங்களுக்கு ஒரு போன் பேசும் வேலை. அந்த ஊரில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் எதுவும் கிடையாது என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். நாலு வயதில் ஜன்னல் கம்பி வழியாக ஏறி, மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாளே, அன்றைக்கு, "பல் கட்டுறவனுக்குப் பல்லி பொறந்திருக்குடா" என்றீர்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. ஜன்னலைக் காப்பாற்றத்தான் ஆறு வயதில் அவளை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்தோம். பழைய கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து, தடித்த மெத்தைகள் விரித்து வைத்த கூடம். வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கியது, ஆறு நாள் ஆனது. கையில் பூசும் வெள்ளைப் பொடியோடு அவள் வருவாள், பல் அச்சு எடுக்கும் மாவோடு நான் எழுந்து வருவேன். வீட்டில் இரண்டு பேர் மாவு மில்லில் வேலை பார்ப்பது போல இருக்கும். பதக்கங்கள் வந்தன. பன்னிரண்டு வயதில் வந்த முதல் பதக்கத்தை, வீட்டு முன்னறையில் இருக்கும் என் பல் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டினேன். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் மறுப்புச் சொல்ல முடியாது அல்லவா.

இப்போது பதினைந்து வயது. இரண்டு மாதம் முன்பு வரை அவளுடைய ஒரு நாள் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். காலை ஐந்தரைக்குக் கூடம். ஏழரைக்கு வீடு. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, மறு கையில் வரலாற்றுப் புத்தகம், ஒரு கால் மட்டும் நாற்காலி முதுகின்மேல் நீட்டியபடி. எட்டரைக்குப் பள்ளி. நாலரைக்கு மறுபடி கூடம், எட்டு மணி வரை. அதற்கப்புறம் வீட்டுப்பாடம். அவள் பாடத்தை முடித்தாளா, தூக்கம் அவளை முடித்ததா என்பது காலையில் நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். எழுத்து பாதி வரி வரை ஒழுங்காக வந்து, பிறகு சரிந்து, கடைசியில் ஒரு கோடாக இழுத்துக்கொண்டு பக்கத்தை விட்டே வெளியே போயிருக்கும். ஒரு சமயம் தலைகீழாக நின்றால் மூளைக்கு ரத்தம் போகும் என்று யாரோ சொல்ல, அவள் சுவரோரம் கைகளை ஊன்றி நிற்க, நான் தரையில் புத்தகத்தைத் தலைகீழாக வைத்து, நானும் குப்புறப் படுத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். அவளுக்கு விடை வந்தது. எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

அடுத்ததைச் சொன்னால் நீங்கள் கோபப்படுவீர்கள். உட்கார்ந்து படியுங்கள். வீட்டுப்பாடத்தை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். என் மனைவி துணிக்கடையில் உடைகளைப் பிடித்தும் பிரித்தும் தைக்கிற பிரிவில் இருப்பதால் அவளுக்குக் கை நேர்த்தி, வரைபடமெல்லாம் அவள் பொறுப்பு. கட்டுரையும் அறிவியல் மாதிரிகளும் என் பொறுப்பு. "என் எதிர்கால லட்சியம்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மொழி ஆசிரியை, "நடை நன்று. ஆனால் இந்த வயதில் முதுகுவலியைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டாம்" என்று குறிப்பு போட்டிருந்தார். மண்வகைகளைப் பற்றி நான் எழுதி வைத்த தாளும், பல் மருத்துவர் அனுப்பி, நான் சரிபார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டிய பல் செட் சீட்டும் ஒரே மேசையில் கிடந்ததில் இடம் மாறிவிட்டன. வகுப்பில் பல்லி எழுந்து நின்று, பாதித் தூக்கத்தில், "மேல்தாடை முழுவதும், நிறம் சற்று மஞ்சள், நோயாளிக்கு வயது அறுபத்தெட்டு" என்று வாசித்திருக்கிறாள். மருத்துவர் எனக்குப் போன் செய்து, "வண்டல் மண் எனக்கு எதுக்குங்க, செட் எங்க?" என்று கேட்டார்.

இதயத்தின் மாதிரி ஒன்று செய்யச் சொன்னார்கள். நான் செயற்கை ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பொருளிலேயே செய்தேன். நான்கு அறைகள், வால்வுகள், ரத்தக் குழாய்கள் எல்லாம் திறந்து மூடும்படி. சொல்லக் கூடாது, என் தொழிலில் அவ்வளவு நல்ல வேலையை நான் செய்ததே இல்லை. இரண்டாம் நாள் அறிவியல் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆய்வுக்கூடத்தில் இதயத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "இந்த நெறத்தை நான் தினமும் காலையில கண்ணாடியில பாக்கறேன்."

அப்போதுதான் அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. அதாவது அவருடைய பற்களை. மூன்று வருஷத்துக்கு முன் நான் கட்டியவை. மருத்துவர் வழியாக வந்த வேலை, முகத்தைப் பார்த்ததில்லை.

"என் வாயைப் பத்தி நீங்க இங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். இந்த இதயத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல," என்றார். நான் தலையாட்டிக்கொண்டு எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். "இன்னொண்ணு இருக்கு சார். உங்க பொண்ணு ரெண்டாவது பீரியட்ல கண்ணைத் தொறந்துகிட்டே தூங்குது. இருபத்தேழு வருஷமா பாடம் நடத்தறேன். பசங்க தூங்கி எவ்வளவோ பாத்திருக்கேன். இது மாதிரி பாத்ததில்ல. எனக்குப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் செய்தது என்னவென்றால், "மார்க் எவ்வளவு சார் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பத்துக்கு ஒன்பதரை என்று தெரிந்ததும், அந்த அரை எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. மறுநாள் திங்கட்கிழமை காலாண்டுக் கணக்குத் தேர்வு. இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று, போட்டிக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் சூத்திரங்களைக் கேட்டுக்கொண்டே போனேன். கூடத்து வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதும் கேட்டேன். பீம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், நீங்கள் பார்த்ததில்லை. என் மார்பு உயரத்தில் ஒரு கட்டை. நான் உள்ளங்கையை விரித்து வைத்தால் விரல்கள் விளிம்பைத் தாண்டிவிடும், அவ்வளவுதான் அகலம். அதன்மேல் ஓடி, துள்ளி, சுழன்று, பின்பக்கமாக வளைந்து கைகளை ஊன்றிப் புரள வேண்டும். பின்பக்கம் போகும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாது. இருக்கிறது என்று நம்பித்தான் போக வேண்டும். அதை அவள் நூறு தடவை, ஆயிரம் தடவை செய்து நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கைகளை உயர்த்தியவள் ஒரு கணம் நின்றாள். எல்லோருக்கும் அது ஒரு கணம், எனக்கு மட்டும் தெரிந்தது அது வழக்கத்தைவிட நீளம் என்று. பிறகு போனாள். ஒரு கை கட்டையில் பட்டது, இன்னொரு கைக்கு அங்கே எதுவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு கட்டையின் விளிம்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மெத்தையில் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஏறி மீதியைச் செய்து முடித்தாள். கடைசியில் நடுவர்களைப் பார்த்துக் கையை உயர்த்திச் சிரித்தாள். விழுந்தாலும் சிரிக்க வேண்டும், அது விதி. நானும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அப்படி விதி எதுவும் இல்லை.

எலும்பு முறியவில்லை. அடுத்த போட்டிக்கான ஆறு பேர் அணியில் ஆறாவது ஆளாக எப்படியோ இடமும் கிடைத்துவிட்டது. மறுநாள் கணக்கில் முப்பத்தொன்று. நூற்றுக்குத்தான். மூன்று கணக்குகளைச் சரியாகப் போட்டுவிட்டு நாலாவதில் நிறுத்தியிருந்தாள். நீங்கள் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து நான் வாங்கியது இருபத்தெட்டு. அந்த வகையில் பரம்பரை முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கே நான்கு வண்ணப் பேனாக்கள் வாங்கி வந்து ஒரு பெரிய கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். அரைமணிக்கு அரைமணி, பச்சை கூடம் (இனி மாலை மட்டும், காலை கணக்குக்கு), நீலம் பள்ளி, சிவப்பு கணக்கு, கருப்பு தூக்கம். என் மனைவி அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "குளிக்கறது எதுல வருது?" என்று கேட்டாள். சிவப்பில் கால்மணி நேரத்தைப் பிடுங்கிக் குளிக்க ஒதுக்கினேன். பல்லி அதைப் பார்த்து, "சரிப்பா" என்றாள். அக்கா, அந்தச் "சரிப்பா"வைப் பற்றி நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஜன்னலை விட்டு இறங்க மாட்டேன் என்று ஊரைக் கூட்டியவள் அவள்.

போன திங்கட்கிழமை பட்டறைக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். பழைய வாடிக்கையாளர். விசில் ஊதும்போதெல்லாம் மேல்செட் கழன்று விழுந்து, கடைசியில் படிக்கட்டில் விழுந்து இரண்டு துண்டாகிவிட்டது என்று ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். நான் ஒட்டுவதற்காக எடுத்துக்கொண்டேன். அவர் சுவரில் இருந்த பல்லியின் புகைப்படத்தைக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அதில் அவள் தலைகீழாக இருப்பாள். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி ஏதோ சொன்னார். பல் இல்லாததால் வெறும் காற்றுதான் வந்தது. "பொன்னு" என்று கேட்டது, "பஃஃ" என்று கேட்டது. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் "பஃஃ". எழுதிக் காட்டச் சொன்னால், கண்ணாடி கொண்டு வரவில்லை என்று கையை விரித்தார். அவர் முகத்தைப் பார்த்தால் நல்ல செய்தி மாதிரித் தெரியவில்லை. என் பெண்ணைப் பற்றி ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் நான் அவருக்குப் பல்லைக் கட்டியாக வேண்டும். இருபது நிமிஷம் காய வேண்டிய ஒட்டு. நான் அதை ஊதினேன், விசிறினேன், மோட்டாரைப் போட்டு ராவினேன், அவசரத்தில் கடைவாய்ப் பல் ஒன்றைக் கூடவே ராவிவிட்டேன். மாட்டிவிட்டதும் அவர் இரண்டு முறை கடித்துப் பார்த்து, வாயைக் கொப்பளித்து, நிதானமாக உட்கார்ந்து, அதற்கப்புறம் சொன்னார்.

"இது நம்ம வண்டியில வர்ற பொண்ணாச்சே. நாலு மணிக்கு ஏறும். கடைசி ஸ்டாப் வரைக்கும் வரும். அங்க எறங்காது. அதே வண்டியில திரும்பி வரும். மறுபடி போகும். ஏழே முக்காலுக்கு எறங்கும். ஒரு வாரமா பாக்கறேன். யாரையாவது பாக்கப் போகுதோன்னு நெனச்சேன். அதெல்லாம் இல்ல சார். சும்மா உக்காந்திருக்கு."

மறுநாள் நான் பட்டறையைப் பூட்டிவிட்டு, பஸ் கிளம்பும் இடத்துக்கே போய்க் காத்திருந்தேன். ஏறும்போதே தெரிந்தது. இடது பக்கம் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம். மடியில் பள்ளிப் பை, அதன்மேல் கூடத்துப் பை, அதன்மேல் இரண்டு கைகள். ஜன்னலுக்கு வெளியே கூடப் பார்க்கவில்லை. முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"டிக்கெட் எடுத்தீங்களா?" என்றாள்.

"எடுத்தேன். எத்தனை நாளா?"

"இன்னியோட ஒம்பது."

"கோச்கிட்ட என்ன சொன்ன?"

"ஸ்பெஷல் கிளாஸ்னு."

"ஸ்பெஷல் கிளாஸ்ல?"

"பிராக்டீஸ்னு."

கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போகும்போது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையால் கம்பியைத் தட்டி வண்டியைக் கிளப்பினார். பிறகு அவளாகவே சொன்னாள்.

"பின்னால போக முடியலப்பா. பீம்ல. கைய தூக்கிடுவேன், அதுக்கு மேல உடம்பு வரமாட்டேங்குது. கோச் எட்டு எண்ணுவாங்க. நான் நிப்பேன். மறுபடி எட்டு. நிப்பேன். மத்தவங்க எல்லாம் பாக்காத மாதிரி இருப்பாங்க. அது இன்னும் மோசம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க அட்டவணையை மாத்துவீங்க."

அக்கா, அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நடக்கக்கூடியதைச் சொன்னாள்.

"அன்னிக்கு பீம் மேல நிக்கும்போது உங்க குரல் கேட்டுச்சு," என்றாள். "கூம்போட கன அளவு என்ன, கூம்போட கன அளவு என்னன்னு. மறுநாள் பரீட்சையில கோச்சோட குரல். அஞ்சு, ஆறு, ஏழுன்னு. எட்டுக்குள்ள முடிக்கணும்னு நெனச்சு நெனச்சு, அந்தக் கணக்கு என்னன்னே மறந்துபோச்சு. இங்க அப்படி இல்லப்பா. இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. டிக்கெட் மட்டும்தான்."

அந்தக் கூம்பின் கன அளவு எனக்கும் தெரியாது அக்கா. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். அதை அவளிடம் சொன்னேன். "தெரியும்ப்பா, விரலை அந்தப் பக்கத்துலயே வச்சிருந்தீங்க," என்றாள். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களிடம் வந்து, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும். நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தோம். ஏழே முக்காலுக்கு இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து என் மனைவியை அடுக்களைக்குள் கூட்டிப்போய், குரலை இறக்கி, மெதுவாகச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அவ டிரஸ்ஸை நான்தானே தொவைக்கறேன். தினமும் நனைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா வேர்வை வாடையே இல்ல. குழாய்ல நனைச்சு, புழிஞ்சு, பையில போட்டுக் கொண்டுவரா. இந்த வருஷம் அதை நாலு தடவை பிரிச்சுத் தச்சிருக்கேன், அவ்வளவு வளந்துட்டா. அவ வேர்வை எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"அவளா சொல்லட்டும்னு இருந்தேன். உங்ககிட்ட சொன்னா நீங்க உடனே ஏதாவது பண்ணுவீங்க."

ஒரே நாளில் ஒரே குற்றச்சாட்டை இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்றால், உடனே ஏதாவது செய்தேன். இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து யோசித்து, இப்படியே விட்டால் இரண்டும் போகும், ஒன்றையாவது காப்பாற்றுவது தகப்பன் கடமை என்று தீர்மானித்து, ஜிம்னாஸ்டிக்ஸை அடியோடு நிறுத்திவிட்டு, அவளை உங்களிடம் அனுப்புவது என்று முடிவு செய்தேன். உங்கள் வீட்டில் சத்தம் இல்லை, பஸ் தொந்தரவு இல்லை, பள்ளி கூப்பிடு தூரம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் கல்லும் கணக்குப் போடும். அவளிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள். இருபது நிமிஷத்தில் பெட்டியைக் கட்டிவிட்டாள். துணிகளைச் சுருட்டிச் சுருட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல், மூலைக்கு மூலை அடுக்கி வைத்திருக்கிறாள். கூடத்துப் பையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். நான் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகவே, அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அவளை நானே அழைத்து வருகிறேன். பின்பக்கத்து அறை போதும். மேசை விளக்கு ஒன்று இருந்தால் நல்லது. அவள் அதிகம் பேச மாட்டாள், அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். முன்பெல்லாம் பேசுவாள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சற்று உரக்கச் சொல்லுங்கள். உங்கள் மனமும் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும், எங்களையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதினேன். இன்று சனிக்கிழமை. உறையை ஒட்டுவதற்குள் இது நடந்தது.

நேற்று நாலு மணிக்குப் பல்லி பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். "அஞ்சு நிமிஷம் படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கட்டி வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தவள், இன்றைக்குக் காலை பதினோரு மணிக்குத்தான் எழுந்தாள். பத்தொன்பது மணி நேரம். பக்கம் கூடப் புரளவில்லை. அவள் அம்மா இரண்டு தடவை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். இன்று கடைக்கும் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பட்டறையில் மோட்டாரைப் போடவில்லை. வந்தவர்களை எல்லாம் வாசலிலேயே வாயில் விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினேன், பல்வலி என்று நினைத்து எனக்கே வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலையில் கோச்சம்மாவிடமிருந்து போன் வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் எப்போது முடியும் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எண்ணுறதை நிறுத்தியிருப்பேன்," என்றார். பிறகு, "மூணு வாரத்துல போட்டி. அவ இடத்தை நான் ஏழாவதா வந்த பொண்ணுக்குக் குடுத்தாகணும். அதை மறைக்காம அவகிட்ட சொல்லிடுங்க. மத்தபடி கூடத்துக்கு எப்ப வேணாலும் வரட்டும். பீம்ல ஏற வேண்டாம். சும்மா தரையில குட்டிக்கரணம் போட்டாப் போதும். வராட்டியும் பரவால்ல."

எழுந்து, முகம் கழுவி, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து சொன்னேன். "யாருக்குக் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். ஏழாவதாக வந்த பெண்ணுக்கு என்றேன். "அவ நல்லா பண்ணுவா," என்றாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். விழுந்தபோது அழாதவள், முப்பத்தொன்று வாங்கியபோது அழாதவள், பஸ்ஸில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். ஒன்பது வருஷத்தையும் சேர்த்து அழுதாள். என் மனைவி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய்க் கழுவினேன். வைத்துவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் அழுதுகொண்டிருந்தாள். திரும்பிப் போய் அதே தட்டை மறுபடி கழுவினேன்.

மூன்றாவது தடவை நான் வந்தபோது அழுகை அடங்கியிருந்தது. "அத்தை வீட்டுக்கு நாளைக்கு எத்தனை மணிக்குப்பா கெளம்பணும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் உட்கார்ந்து எடுத்து வைத்தேன். அவ்வளவு அழகாக அடுக்கியிருந்ததைக் கலைக்கத்தான் மனசு வரவில்லை.

அதனால் பல்லி வரவில்லை அக்கா. கணக்கில் தேறினால் சரி, தேறாவிட்டால் மறுபடி எழுதட்டும். கூடத்துக்குப் போவாளா, மாட்டாளா, எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. உங்களை எனக்குத் தெரியும், கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் படித்ததுமே எழுந்து போய்ப் பின்பக்கத்து அறையை ஒழித்து, பெருக்கி, துவைத்த விரிப்பு போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் சிரமப்பட வேண்டாம். போட்டாகிவிட்டது என்றால் அப்படியே இருக்கட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். எனக்கு இரண்டு நாள் படுத்திருக்க வேண்டும் போல இருக்கிறது.